அலுமாரிக்குள் அமானிதம்

எனக்குச் சந்தேகக் குணம் அதிகம். "நீ மீன் வாங்கப் போனா மீனுக்கிட்டயே விசாரிப்பாய்" என்று மவுத்தாகி மண்ணுக்குள் போன என் புருஷன் சொல்வார். இருக்கட்டும். வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பராமரிக்கப் பெண்களை அனுப்புகிற தொழிலுக்கு அந்தக் குணம் வேண்டும். புத்தளத்தில் என் வீட்டு முன்னறைதான் அலுவலகம். பதினொரு பெண்கள். எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் முதலில் நான் போய், அவள் படுக்கிற இடத்தையும் மலசலகூடத்தையும் பார்த்துவிட்டுத்தான் சம்மதிப்பேன். வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொருத்தியோடும் போனில் கதைப்பேன்.

இன்னொன்றும் செய்தேன். அவர்களுடைய அடையாள அட்டைகளை வாங்கி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அலுமாரிக்குள் பூட்டி வைத்தேன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது வாப்பாவின் அட்டை முதல் என் பிறப்புச் சான்றிதழ் வரை எல்லாம் போயிற்று. கடதாசி இல்லாத மனிசர் அரசாங்கக் கச்சேரி வரிசையில் என்ன பாடு படுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பெண்களிடம் சொல்வேன்: "ஊர் ஊராப் போற நீங்க துலைச்சுப் போடுவீங்க. எனக்கிட்ட அமானிதமாக் கெடக்கட்டும்." நம்பி ஒப்படைத்ததைக் காப்பது எங்களுக்கு மார்க்கக் கடமை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எத்தாளை ஊர்க்காரி ஒருத்தியைச் சிலாபத்தில் ஒரு வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த பெரியவரும் அவருடைய மகளும் மட்டுமே அங்கே இருந்தார்கள். மகளை எல்லாரும் நோனா என்பார்கள். எத்தாளைக்காரிக்கு வாய் மூடாது. அவளுக்கு உலகத்தில் ஒரே கதை, தலைப்பிள்ளைக்குக் காத்திருக்கும் தன் மகள். மகளுக்கு மாதம் நெருங்கியதும் இருபது நாள் லீவு என்று போகமுன்னமே நோனாவோடு பேசி வைத்திருந்தோம்.

மூன்று வெள்ளிக்கிழமையாக அவளுடைய போன் வேலை செய்யவில்லை. நோனாவின் போனுக்கு எடுத்தால், "இந்தா, குடுக்கிறன்" என்பார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வரும். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே பிடித்துவிட்டேன்.

"எப்படி இருக்காய் புள்ள?"

"நல்லா இருக்கன் ராத்தா. ஒரு குறையுமில்ல."

அக்காவை எங்கள் ஆட்கள் ராத்தா என்போம். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது வெள்ளியும் இல்லை. அடியே, பிள்ளைப்பேறு நெருங்கிய மகளை மறந்த தாயை யார் கண்டது? மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல் சிலாபம் பஸ் ஏறினேன்.

கேற்றில் உள்பக்கமாகப் பூட்டு. நோனா வந்து திறந்தார், சிரித்தார், தேத்தண்ணி நீட்டினார். நான் வாங்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். பெரியவரைப் போய்ப் பார்த்தேன். நகம் வெட்டி, பவுடர் போட்டு, முதுகில் ஒரு புண்ணில்லாமல் படுத்திருந்தார். அது எங்கள் பெண்ணின் கை. ஆனால் ஜன்னல் வழியே உடுப்புக் கொடியைக் கண்டதும் நின்று எண்ணினேன். ஏழு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் காய்ந்தன. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே கிடையாது.

"இதெல்லாம் யார்ட உடுப்பு?"

"பக்கத்து வீட்டில இருக்கிற என்ட தங்கச்சிட புள்ளைகள்ட. ஒங்கட ஆள் சும்மா இருக்கிற நேரம் கழுவித் தாரா. நாங்க என்ன கட்டியா வச்சிருக்கிறம்? அவகிட்டயே கேளுங்களேன்" என்றார் நோனா.

கேட்கத்தானே வந்தேன். அவள் குசினிக்குப் பின்னால் இருந்தாள். சவர்க்காரத்தில் வெந்து இரண்டு கையிலும் தோல் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் அழுதாள். லீவு கேட்ட அன்றுதான் போனைப் பறித்து வைத்தார்களாம். மகளுக்கு டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தானாம்.

"கேற்றுத் திறக்கிற நேரம் வெளிக்கிட்டு வந்திருக்கலாமே! பஸ் ஓடுற ரோட்டு முன்னுக்குக் கெடக்கு. நீ என்ன சின்னப் புள்ளயா?" கோபத்தில் அவளைத்தான் ஏசினேன்.

"எப்படி வாரது? ஐடென்டிக் காட் ஒங்கட அலுமாரிக்குள்ள கெடக்கே ராத்தா. 'ஒன்ட மேடத்தக் கேக்காம நீ வெளிய போக ஏலா, அதுக்குத்தான் காட்டை வாங்கி வச்சிருக்கிறா' எண்டு நோனா செல்லிச்சி. எனக்கும் அது சரியாத்தான் பட்டிச்சி."

யா அல்லாஹ்! அலுமாரிச் சாவி அப்போதும் என் கைப்பைக்குள் கிடந்தது.

அவளுடைய உடுப்பையும் பறித்த போனையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். "அப்பாவை யார் பாக்கிறது?" என்று நோனா கேற்றில் நின்று கத்தினார்.

"உடுப்புக் கழுவக் குடுத்த தங்கச்சி அப்பாவையும் வந்து பாக்கட்டும்" என்றேன். தங்கச்சி வந்து பெரியவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்த பிறகுதான் இருவரும் புறப்பட்டோம்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்து அவளுடைய அட்டையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்து, முந்தானையில் துடைத்து, பர்ஸுக்குள் வைத்தாள்.

"மகள் பெத்ததுக்குப் பொறகு நான் கட்டாயம் வரணுமா ராத்தா, இல்லாட்டி விரும்பினா வரலாமா?"

"விரும்பினா மட்டும் வா. மத்தவங்கட காட்டெல்லாம் நாளைக்கே திருப்பிக் குடுக்கப் போறன், வல்லாஹி, சத்தியமா."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் நோனா தேத்தண்ணி நீட்டியபோது நான் அவரைப் பார்த்த அதே பார்வை.