பைக்குள் போகாத கை

ஊட்டி ஏரிக்கரையில், பனி கொட்டும் காலையிலும் ஜெர்கின் பைக்குள் கை விடாத ஒரே மனிதர் அந்தக் குதிரைக்காரர்தான். விறைத்த விரல்களை ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று கேட்டேன்.

"குதிரை மிரளுமுங்க. முன்னெல்லாம் சவாரிக்கு வர்றவங்களைக் கடிச்சு வெச்சிரும். கழுத்துல ஷாக் அடிக்கிற பெல்ட்டைக் கட்டி, ரிமோட்டைப் பையில வெச்சுக்கிட்டனுங்க. கடிக்கப் போனா பைக்குள்ள கைய உட்டு ஒரு அமுக்கு. ரெண்டே வாரத்துல திருந்திருச்சு. எறும்பு கடிச்சாப்புலதானுங்க இருக்கும்."

"நீங்க கட்டிப் பாத்தீங்களா?"

"எனக்கெதுக்குங்க? நான் யாரையும் கடிக்கறதில்லையே!"

பெல்ட்டைக் கழற்றி ஒரு வருஷமாகிறதாம். அதைக் குதிரை நம்பவில்லை போலும்.

அப்போது என் போன் அடித்தது. பைக்குள் கை விட்டேன். குதிரை மிரண்டு பின்வாங்கி, முன்னங்கால்களைத் தூக்கியது.

"கைய வெளிய எடுங்க சார்!" என்று கத்தியபடி அவர் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினார்.

எடுத்தேன். போன் அடித்து ஓயும்வரை இருவரும் குளிரில் அசையாமல் நின்றோம்.

"நல்லாப் பழகிருச்சுங்க," என்றார் அவர், பெருமையாக.

குதிரை எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.