வைக்கோல் குழந்தை

ஷ்யாமளா யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவள். மாம்பலத்துக்காரி. நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் யார் ஊருக்குப் போனாலும் ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டுபவள் அவள்தான். அதனால் லேபில் கூட வேலை பார்த்த ஆஸ்ட்ரிட் கூப்பிட்டதும் கப்பலேறிவிட்டாள்.

ஆஸ்ட்ரிடின் முன்னோர்கள் நார்வேக்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களை அமெரிக்காவுக்குச் சுமந்துவந்த பாய்மரக் கப்பலைப் போலவே வாரிசுகள் சிலர் இன்னொன்று கட்டி, அதே வழியில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருந்தார்கள். தொண்ணூற்றாறு ஜூலை அது. நியூஜெர்சிக் கரையோரம், கடைசி நாள் பயணத்துக்கு மட்டும் உள்ளூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டார்கள். எல்லாருக்கும் அந்தக் காலத்துக் கம்பளி உடுப்பு.

கரை தெரிந்ததும் கேப்டன் பாயைச் சுருட்டச் சொன்னார். முன்னோர்களின் அந்தப் பழைய பயணத்தில் பிறந்து, பெயர் வைப்பதற்குள் செத்துப்போன ஒரு குழந்தையைக் கடலில் விட்டிருந்தார்களாம். அதன் நினைவாக, வைக்கோல் அடைத்த பொம்மையை கடலில் விடுவதற்காக வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். தாயாக நிற்க வேண்டிய பெண்ணோ கீழே வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ பிடிச்சுக்கிறியா? ஒரு நிமிஷம்தான்," என்று ஆஸ்ட்ரிட் நீட்டினாள்.

வாங்கியதும் ஷ்யாமளாவின் கை தாழ்ந்தது. அப்படியொரு கனம். துணிக்குள்ளிருந்து வெதுவெதுப்பு ஏறியது. தலை அவள் முழங்கை மடிப்பில் தானாக வந்து பொருந்திக்கொண்டது.

மணி அடித்தார்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். கை நீளவில்லை.

"போடு, ஷ்யாமளா."

"கனக்கிறது, ஆஸ்ட்ரிட்."

"வெறும் வைக்கோல். நான்தானே தைச்சு நார்வேக்கு அனுப்பினேன்?"

நரைத்த தாடி மாலுமி ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்தார். "நடுக்கடல்லேர்ந்து எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு. யாரும் அதைத் தொடறதில்லை," என்று தணிந்த குரலில் சொல்லி, அவள் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தார். இரண்டு பேருமாகக் கீழே விட்டார்கள். அது ஒரு கணம்கூட மிதக்கவில்லை. நேரே உள்ளே போய்விட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் புருஷன் சுந்தரராமன் டி.வி.யில் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்னா, குழந்தையைக் கையில எடுத்தேளா?"

எந்தக் குழந்தை என்று அவன் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஆபரேஷன் மயக்கம் தெளிந்தபோது, "எல்லாம் முடிஞ்சுடுத்து" என்று மட்டும் சொன்னவன். அவளும் அதற்கு மேல் கேட்டதில்லை. தொட்டில் வாங்கிப் போட்டிருந்த ரூமில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

டி.வி.யை அணைத்தான். "எடுத்தேன். பொண்ணு. தூங்கற மாதிரியே இருந்தா. உங்கிட்ட காட்டட்டுமான்னு நர்ஸ் கேட்டா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்."

"நீங்க தாங்கினேளா?"

அவன் ரிமோட்டைக் கீழே வைத்தான். "ஆபீஸ் விட்டு வரச்சே பின் சீட்ல அவ இருக்கா, ஷ்யாமா. தினமும். கண்ணாடியைத் திருப்பி வெச்சுண்டுதான் ஓட்டறேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் குழந்தையின் கல்லறைக்கு அழைத்துப் போனான். புல்லுக்குள் புதைந்த சின்னத் தகடு. குழந்தைக்குப் பெயர் வைக்காததால் அதில் அப்பாவாக அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. ஷ்யாமளா மண்ணைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொன்னாள், அவனுக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது ஹைவேயில் நல்ல வெயில். அவன் ஏசியைக் கூட்டினான்.

"கொறைங்கோ," என்றாள் ஷ்யாமளா. "பின்னாடி குளிரும்."

அவன் குறைத்தான்.