குறை தோட்டாவில்தான் இருக்க வேண்டும்

என் மனைவி துப்பாக்கி சுடுவாள் என்று சொன்னால் அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அவள் சுடுவது என்னை அல்ல, ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் காகிதத்தை. தரையில் குப்புறப் படுத்து, பாயின்ட் டூ டூ ரைஃபிளில் சுடுவாள். மாநிலப் போட்டிகளில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறாள். நானும் ஒருமுறை முயன்றேன். என் தோட்டாக்கள் பக்கத்து ஆளின் காகிதத்துக்குப் போய் மதிப்பெண் சேர்த்தன. அன்றோடு என்னைத் துப்பாக்கியிடமிருந்து விலக்கி, தோட்டா பொறுக்கும் வேலையில் அமர்த்திவிட்டார்கள்.

வெளிநாடுகளில் பெரிய ரைஃபிள்காரர்கள் குண்டைத் தேர்ந்து, வெடிமருந்தை அளந்து, தோட்டாவை வீட்டிலேயே அடைத்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றி நான் படித்திருப்பதை வைத்து ஒரு பல்கலைக்கழகமே நடத்தலாம். ஆனால் எங்கள் ரகம் ஆலையில் அடைத்து வருவது, கைவைக்க வழியில்லை. மிஞ்சுவது பொறுக்குவது மட்டும்தான். ஞாயிறு காலைகளில் பொம்மனஹள்ளி வீட்டின் சாப்பாட்டு மேசையில், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு தராசோடு உட்கார்ந்துவிடுவேன். ஒவ்வொரு தோட்டாவையும் எடை போடுவேன், விளிம்பின் கனத்தை அளப்பேன், ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்ப்பேன். அரிசியில் கல் பொறுக்கச் சொல்லியிருந்தால் முதுகு வலி என்றிருப்பேன்.

ஆலையில் ஒரே ஓட்டத்தில் செய்த தோட்டாக்களுக்கு ஒரே எண் போடுவார்கள். அதற்கு லாட் என்று பெயர். ஒரு லாட் ஒரு துப்பாக்கிக்குப் பிடிக்கும், அதே கம்பெனியின் இன்னொரு துப்பாக்கிக்குப் பிடிக்காது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பொருந்துகிற லாட் ஒன்று சிக்கினால், கடையில் மிச்சமிருப்பது முழுவதையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதே சுடுகிறவர்களின் வழக்கம்.

போன மழைக்காலத்தில் அவளுடைய மதிப்பெண் இறங்கத் தொடங்கியது. காகிதத்தின் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த ஓட்டைகள், சண்டை போட்ட பங்காளிகள் போலத் தள்ளித் தள்ளி விழுந்தன. லாட் சரியில்லை என்றேன். வேறு லாட் வந்தது, அதுவும் சரியில்லை. தராசை மாற்றினேன்.

வீட்டில் வேறு சிலவும் மாறிக்கொண்டிருந்தன. அவள் காபி டம்ளர் வலது கையிலிருந்து இடது கைக்குப் போயிருந்தது. செக்கில் போடும் கையெழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்ததால், செக் வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அவள் அப்பாவுக்குக் கடைசி வருடங்களில் கை நடுக்கம் இருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. குறை தோட்டாவில் என்றால் இன்னொரு டப்பாவில் தீர்ந்துவிடும். கையில் என்றால் அதற்கு எந்தக் கடைக்குப் போவது?

“இந்த வாட்டி கனமானதை எல்லாம் ஒதுக்கிட்டேன். பாரு, பத்து பத்தா விழப்போகுது” என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“எடை போட்டதெல்லாம் போதுங்க. இனிமே அதுங்களுக்கு ஜாதகம்தான் பாக்கணும்” என்றாள்.

அன்று ஆனேக்கல் சாலைப் பக்கமுள்ள, துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனோம். தடித்த கேன்வாஸ் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படுத்து, நான் பொறுக்கியவற்றைச் சுட்டாள். காகிதம் திரும்பி வந்தபோது அதில் வேப்பிலைக்கொழுந்து தூவியது போல ஓட்டைகள் இருந்தன.

“இந்த லாட்டும் வேஸ்ட்” என்றேன்.

ரேஞ்ச் மாஸ்டர் கன்னடக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவர். “ஸ்வல்ப இருங்க சார். தோட்டா மேல சும்மா பழி போடாதீங்க. ரைஃபிளை கிளாம்ப்ல மாட்டிப் பாத்துடலாம்” என்றார்.

கிளாம்ப் என்பது கனத்த மேசையில் பதித்த இரும்புப் பிடி. அதில் துப்பாக்கியை இறுக்கிவிட்டால் தோளும் இல்லை, மூச்சும் இல்லை, கையும் இல்லை. தோட்டாவின் யோக்கியதை மட்டும் காகிதத்தில் விழும்.

“எதுக்கு மாஸ்டர், வெயில் ஏறுது, கிளம்பறோம்” என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல், “மாட்டுங்க மாஸ்டர்” என்றாள்.

அதே டப்பாவிலிருந்து பத்து தோட்டாக்களை அவர் சுட்டார். காகிதத்தில் ஒரே ஓட்டை. சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. பத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போயிருந்தன. இத்தனை வருடப் பொறுக்கலில் அவ்வளவு அழகான ஓட்டையை நான் பார்த்ததில்லை. என் பெயர் சொல்லும்படி உலகத்தில் நான் செய்து முடித்த ஒரே காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். கிழித்துப் போட்டுவிட வேண்டும் போலிருந்தது.

மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “சார், மேடம் ரைஃபிளுக்குன்னே செஞ்ச லாட் சார் இது. டீலர்கிட்ட இன்னும் இருக்கு. இப்பவே போன் போட்டு மொத்தத்தையும் எடுத்துடுங்க. விட்டா வேற எவனாச்சும் தூக்கிட்டுப் போயிடுவான்.”

அவள் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காற்றே இல்லை. காகிதம் படபடத்துக்கொண்டிருந்தது.

ஏதாவது பேச வேண்டுமே என்று, “மொத்தமும் எடுத்துடலாமா?” என்று கேட்டேன். என் வாயிலிருந்து மடத்தனமாக நிறைய வந்திருக்கிறது; இது அவற்றில் தனி.

“ஒரு டப்பா போதுங்க.”

“ஒண்ணா?” மாஸ்டர் சிரித்தார். “ஒரு டப்பா ஒரு மேட்ச்சுக்கே பத்தாதே மேடம்.”

“தெரியும் மாஸ்டர்.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த காகிதத்தை. சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. “சரி மேடம்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, துப்பாக்கியைக் கழற்றப் போனார். ஒரே நிமிடத்தில் மாட்டியதைக் கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

நாங்கள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் ஜாக்கெட்டின் முதல் பக்கிளோடு கொஞ்ச நேரம் போராடினாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கைகளை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு வரலைங்க. நீங்க கழட்டுங்க.”

வாரை இழுத்தேன். அது எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டியது.

“அப்படி இல்ல, உள்பக்கமா” என்றாள். “மெதுவா. அவசரம் ஒண்ணும் இல்ல.”

உள்பக்கமாக இழுத்தேன். முதலாவது விடுபட்டது. அதற்குக் கீழே இன்னும் நான்கு இருந்தன.