படப்பையிலிருந்து வராத மிஸ்டு கால்

நல்ல சேதி என்றால் என் மனம் ஆதாரம் கேட்கும். கெட்ட சேதிக்கு எதுவும் கேட்காது, உடனே நம்பிவிடும். இது என் சுபாவம் இல்லை, வெறும் பழக்கம்தான் என்று புரிய எனக்கு முப்பத்து நான்கு வயதாக வேண்டியிருந்தது.

அப்போது பொழிச்சலூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டும்போது எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். நான் குக்கரை ஏற்றுவேன். தவறிப்போய் போனை எடுத்துவிட்டால், காசு போச்சே என்று அன்றிரவு முழுக்க முணுமுணுப்பார். அந்த நாளில் பாதி ஊர் இப்படித்தான் பேசாமலே பேசிக்கொண்டது.

ஆறேகாலுக்கு வரவேண்டிய மிஸ்டு கால் அன்று ஆறரைக்கும் வரவில்லை. நானே கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

பஸ் லேட் என்று வேறொருத்தி நினைத்திருப்பாள். நான் அதற்குள் பஸ்ஸைக் கவிழ்த்துவிட்டேன். எதிரே ஒரு மணல் லாரியையும் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார் என்பது ஞாபகம் வந்தது. காலையில் சட்னியில் உப்பில்லை என்றவரிடம் வெடுக்கென்று பேசி அனுப்பியதும் ஞாபகம் வந்தது. கடைசியாகப் பேசியது அதுவா என்று அழுதேன். அழுதுகொண்டே திட்டமும் போட்டேன். வீட்டைக் காலி செய்து திருச்சியில் அம்மாவோடு போய் இருக்க வேண்டும். பெண்ணுக்கு டி.சி. வாங்க வேண்டும். வருஷ நடுவில் எந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள்? எல்லாம் மனசுக்குள் ஓடுவதாகத்தான் நினைத்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பெண் ஹோம்வொர்க்கை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. தெரியாத எண், ஏதோ லேண்ட்லைன். போலீஸ், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. எடுக்காதவரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார், எடுத்தால் முடிந்தது என்று தோன்றியது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடும்மா" என்றாள் பெண்.

"சும்மா இரு!" கத்திவிட்டேன். அவளிடம் நான் அப்படிக் கத்துகிறவள் இல்லை.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அக்கா மேலே வந்தார். வீட்டுக்குச் சொந்தக்காரர், தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க்காரர்.

"இன்னாம்மா, போன் அடிச்சிகினே கீது. எடுத்துப் பேச மாட்டியா?"

"மாட்டேன்க்கா. கெட்ட சேதி."

"எடுக்காமயே எப்டிம்மா தெரியும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் வீட்டுக்காரர் பத்திரமாகக் கீழே டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கென்ன. மூன்றாவது முறை மணி அடித்தபோது அக்கா கை நீட்டினார். நான் போனைத் தலையணைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் கீழே அது நாலாவது முறையும் அடித்து அடங்கியது.

ஏழரைக்கு வாசலில் ஆட்டோ நின்றது. சாப்பாட்டுப் பையோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார் கணவர்.

"என்ன ஆச்சு? பாப்பா எங்க?"

பஸ் பஞ்சர். செல்லில் சார்ஜ் இல்லை. பெட்டிக்கடையில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். யாரும் எடுக்கவில்லை என்றதும் பயந்துபோய் ஆட்டோ பிடித்திருக்கிறார். "என்னிக்கோ ஒரு நாள் பேசறதுக்குன்னே கூப்பிடறேன். அன்னிக்குப் பார்த்து எடுக்க மாட்டியா?" என்றார். முதல் மணியிலேயே எடுத்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் எங்கள் யாருக்கும் நேர்ந்திருக்காது.

அக்கா சிரித்தார், அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். பெண் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு வாரம் தெரிந்தவர்களிடமெல்லாம் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ரேஷன் கடையில் வரிசை நகரவே இல்லை. பெண் பள்ளியிலிருந்து வரும் நேரம் தாண்டி இருபது நிமிஷம் ஆகிவிட்டது. கீழே அக்கா இருக்கிறாரே என்ற தைரியத்தில் நிதானமாகத்தான் நடந்து வந்தேன்.

மாடிப்படியில் பெண் உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்மை மாற்றவில்லை. தலையிலிருந்து ரிப்பனை அவிழ்த்துப் பள்ளிப் புத்தகங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் அக்கா ஒரு தட்டில் முறுக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"எவ்ளோ சொல்லியும் கேக்கல. அம்மா இனிமே வராதுன்னு சொல்லிகினே கீது கொயந்த."

பெண் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "டி.சி. வாங்க அப்பாவுக்கு லீவு கிடைக்குமான்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

என் பழக்கத்தை என் கண்ணெதிரே, எட்டு வயதில், ரிப்பன் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிட பயமாக இருந்தது. படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"கடையில கூட்டம்டி. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல."

"நிஜமாவா?" என்றாள். நம்பவில்லை. "பையைக் காட்டு."

பையைத் திறந்து சர்க்கரையைக் காட்டினேன்.