கொதிக்கும் கீரையில் கொட்டிய மருந்து

என் கணவருக்குச் சிறுநீரகக் கல் வந்ததும் டொக்டர் கீரையைக் குறைக்கச் சொன்னார். கீரையிலுள்ள, கல்லுக்குக் காரணமான ஒக்சலேற் என்ற உப்பை உடைக்கும் என்சைம் குளிசையைக் கடையில் கண்டு வாங்கினேன். அவருக்குக் குளிசை என்றாலே பிடிக்காது. அதனால் அவருக்குத் தெரியாமல் அந்தக் கப்சூல் குளிசையை உடைத்து, கொதிக்கும் கீரைக்கறியில் தூளைக் கொட்டி, இனிக் கீரை ஒன்றும் செய்யாது என்று நம்பித் தினமும் தாராளமாகப் பரிமாறினேன்.

சில மாதங்களில் அவர் வலியில் துடித்தார். ஸ்கேனில் இரண்டு புதுக் கற்கள் தெரிந்தன.

மோர்னிங்சைட் தெருவிலுள்ள மருந்துக்கடையில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கொதிக்கிற கறியிலையோ போட்டனீங்கள் அன்ரி? சூட்டிலை என்சைம் பழுதாப் போயிடுமே!"

வீட்டுக்கு வந்து அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"விசரி, சொல்லியிருந்தா விழுங்கியிருப்பனே" என்றார்.

இப்போது டொக்டரைக் கேட்காமல் எந்தக் குளிசையும் வாங்குவதில்லை. அவருக்குத் தெரியாமல் கறியில் எதையும் கலப்பதுமில்லை.