பதினான்காவது பெயர்

தலைமையாசிரியை போன் செய்தபோது நான் கூட்டுறவுச் சங்கத்தில் உரத்துக்கு டோக்கன் எழுதிக்கொண்டிருந்தேன். சம்பா நடவு முடிந்து மேலுரம் போடுகிற நேரம். ஜன்னலுக்கு வெளியே வரிசை வாய்க்கால் மதகுவரை நின்றது.

"பாப்பாவை வீட்டுவழிக் கல்வியில சேர்த்துடலாங்களா? பேரு நம்ம ரிஜிஸ்டர்லயே இருக்கும். சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுப்பாங்க. புள்ளைக்கும் அலைச்சல் இல்லை பாருங்க" என்றார்.

நல்ல மனுஷி. குரலில் அக்கறைதான் இருந்தது, அதனாலேயே எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்குமாம், பெண் வீட்டில் இருப்பாளாம். "நாளைக்கு நேர்ல வரேங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு டோக்கன்களை மாற்றி எழுதி, வரிசையில் நின்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. பிறக்கும்போது மூச்சுத் திணறியதன் பாதிப்பு அவள் நடையிலும் பேச்சிலும் தங்கிவிட்டது. நடை ஒரு பக்கம் சாயும். பேச்சு தாமதமாக வரும். மற்றபடி பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகத் தெரியும், என்னை ஏமாற்றவும் தெரியும். கேள்வி காதில் விழுந்து பதில் உதட்டுக்கு வர நேரமாகும், அவ்வளவுதான். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடை ஊர் எங்களுடையது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்து சேர எத்தனை நாளானாலும் பொறுமையாகக் காத்திருக்கிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஒரு குழந்தையின் பதிலுக்கு மட்டும் அந்தப் பொறுமை வராது.

மூன்று வருடம் ஆசையாகப் பள்ளிக்கூடம் போனவள், அந்தத் தீபாவளி லீவு முடிந்ததிலிருந்து போக மாட்டேன் என்றாள். காலையில் சீருடையைப் பார்த்ததும் வயிற்றுவலி. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வாரத்தில் மூன்று நாள் அழுகை, இரண்டு நாள் லீவு. அதைப் பார்த்துத்தான் தலைமையாசிரியை அப்படியொரு யோசனைக்கு வந்திருந்தார்.

"சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி அவகிட்ட என்னன்னு கேளு" என்றார் என் வீட்டுக்காரர்.

"கேட்டாச்சுங்க. வாயே தொறக்க மாட்டேங்குறா."

"நீ எங்க தொறக்க வுட்ட?" என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். வழக்கமான கிண்டல் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மகளையும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலையும் தூக்கிக்கொண்டு போனேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இப்படிப்பட்ட பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைக்கச் சொல்லும் அரசாணையின் ஜெராக்ஸ், காலாண்டு மார்க் எல்லாம் அதில் இருந்தன. மினிபஸ்ஸில் உதடு அசைய வசனம் ஒத்திகை பார்த்தபடியே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தலைமையாசிரியை அறையில் வகுப்பு டீச்சரும் இருந்தார். நான் ஃபைலைப் பிரித்தேன். அரசாணை என்ன சொல்கிறது, என் பெண்ணை வீட்டில் உட்கார வைக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். இருவரும் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கிய இடத்தில் தலைமையாசிரியை என் மகள் பக்கம் குனிந்தார்.

"உனக்கு ஸ்கூல் புடிக்கலையாடா கண்ணு?"

"அதெல்லாம் ரொம்பப் புடிக்குங்க, மூணு வருஷமா ஒருநாள் லீவு போட்டதில்ல" என்றேன் நான்.

"யாராச்சும் கேலி பண்றாங்களா?"

"புள்ளைங்க தங்கமான புள்ளைங்க. அப்படி ஒண்ணும் கிடையாதுங்க."

"காலையில என்னடா பண்ணுது?"

"வயிறு வலிக்குதுங்குறா. டாக்டர்கிட்ட காட்டியாச்சு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அம்மா, மூணு கேள்வியும் நான் பாப்பாகிட்டதான் கேட்டேன். மூணுக்கும் நீங்கதான் பதில் சொல்லிருக்கீங்க."

திரும்பிப் பார்த்தேன். என் மகள் பாதி திறந்த வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். திருக்கடையூரில் என் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளிடம் "எத்தனாவது படிக்குற?" என்று கேட்டபோது நானே பாய்ந்து பதில் சொன்னேன். அன்றும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டாள். அவர்களுடைய பரிதாபப் பார்வையிலிருந்து அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வார்த்தைக்குத் திண்டாடுவதைப் பார்க்கச் சகிக்காதவள் நான்தான். காப்பாற்றியதெல்லாம் என்னைத்தான்.

மதிய உணவுக் கூடத்தில் பாத்திரம் இழுபடும் சத்தம் கேட்டது. நான் ஃபைலின் பட்டனைத் திறந்து திறந்து மூடினேன். கடைசியில் அவள் பேசினாள்.

"வருகை... எடுக்கும்போது... நான் சொல்றதுக்குள்ள... அவங்க சொல்லிடுறாங்க."

வகுப்பு டீச்சர்தான் விளக்கினார். காலையில் பெயர் கூப்பிட்டால் ஒவ்வொரு குழந்தையும் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு நேரமாகிறதே என்று பக்கத்துப் பெண் ஒருநாள் அவளுக்காகச் சொன்னாள். பிறகு பெஞ்சே சொன்னது. லீவு முடிந்து வந்ததும் வகுப்பு முழுவதும் போட்டி போட்டுக்கொண்டு கத்தத் தொடங்கிவிட்டது. "பாசத்துலதாங்க பண்ணுதுங்க. எனக்கும் பாக்க நல்லாதான் இருந்துச்சு" என்றார். சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது. அவர்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. நான் ஒன்பது வருடமாகச் செய்ததைத்தான் நாற்பது குழந்தைகளும் செய்திருக்கிறார்கள்.

"பேரை லிஸ்ட்ல கடைசியில போட்டுடலாமா? அவளுக்குப் பின்னாடி யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க" என்றார் டீச்சர்.

"கடைசியில எதுக்குங்க, முதல்ல..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்று பேரும் அவளையே பார்த்தோம். இந்த முறை இன்னும் அதிக நேரமானது.

"என்... எடத்துலயே... கூப்புடுங்க."

அவள் இடம் பதினான்கு. வீட்டுவழிக் கல்வி பற்றி அதற்கப்புறம் தலைமையாசிரியை பேசவில்லை. ஒரு வாரம் பார்ப்போம் என்றார்.

மறுநாள் காலை வயிற்றுவலி வந்தது. இருந்தாலும் கிளம்பினாள். டீச்சர் அனுமதித்ததால் நான் வராந்தாவில் தூண் ஓரமாக நின்றேன். இனிமேல் அவரவர் பெயருக்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்று டீச்சர் வகுப்பில் சொல்லிவிட்டுப் பெயர்களை வாசித்தார். பதின்மூன்று முடிந்தது. என் மகளின் பெயர்.

அவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வகுப்பு கப்சிப். பக்கத்துப் பெண் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். என் உதடு தானாக அசைந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தேன். "உள்..." என்று வந்து நின்றுவிட்டது. டீச்சர் பேனாவை அசைக்கவில்லை. எனக்கு உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் போலிருந்தது.

"உள்ளேன்... டீச்சர்."

டீச்சர் குறித்துக்கொண்டு பதினைந்தாவது பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அந்தப் பெயருக்குரிய பெண் பின் பெஞ்சில் வாயைப் பிளந்து என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை கூப்பிட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

என் மகள் உட்காரவில்லை. மெல்லப் பின்னால் திரும்பி, "ஏய்... உன் பேருதான்... சொல்லு" என்றாள். அந்தப் பெண் எழுந்து பதில் சொல்லும்வரை அப்படியே நின்று காத்திருந்தாள்.