பெருநாள் தொழுகையில் ஒரு கைதட்டல்

பதருன்னிசாவை ஊரில் அடக்கமான பெண் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவரோடு பேசிப் பார்க்காதவர்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய சிற்றூர் அது. கணவர் அயாஸ் சுற்றுலா வருகிறவர்களுக்குத் தொப்பியும் கூலிங் கிளாஸும் விற்கிறார். பதருன்னிசா கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சில காலம் வேலை பார்த்தார். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டால் பாடம் பின்தங்குகிறது என்று அங்கே கண்டித்தார்கள். வேலையை விட்டுவிட்டு மார்க்கக் கல்வி படித்து ஆலிமாவானார். பள்ளிவாசலை ஒட்டிய அறையில் நடக்கும் மாலை மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க வந்தார். நவீனக் கல்வியில் கேள்வி கேட்க முடியவில்லை என்று மதரஸாவைத் தேடி வந்த ஆள் இந்த மாவட்டத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வந்ததும் முதல் வேலையாக அறையிலிருந்த பிரம்பை மோதினாரிடம் கொடுத்தார். பாங்கு சொல்கிற நேரம் போக மீதி நேரத்தில் பள்ளிவாசல் வளாகத்துக்குள் வரும் ஆடுகளை விரட்ட அவருக்கு அது உதவியது. பிரம்பின் உபயோகத்தில் பெரிய மாறுதல் இல்லை என்றும், அது போய்ச் சேர்ந்த இடம் மட்டும்தான் மாறியது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு.

ஷஃபானா என்ற தாய் மட்டும், எல்லோரும் ஆபா என்று கூப்பிடும் பதருன்னிசாவிடம் சண்டைக்கு வந்தார். "அடிக்காம ஓதல் எப்டி வரும் ஆபா? நாங்கல்லாம் அடி வாங்கித்தான் ஓதனோம்."

"ஓதுனத இப்ப ஒரு தடவ சொல்லுங்க."

"அதெல்லாம் மறந்துபோச்சு."

"அடி?"

"அது ஞாபகம் கீது," என்றார் ஷஃபானா. சொன்ன பிறகுதான் அவருக்கே கோபம் வந்தது.

பதருன்னிசாவின் முறை எளிது. பாடம் சொல்லிக்கொடுக்கும்போது வேண்டுமென்றே எங்காவது ஒரு தப்பு விடுவார். பிள்ளைகள் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் வாயால் கத்தக் கூடாது. வலது உள்ளங்கையால் இடது புறங்கையில் தட்ட வேண்டும். இது அவர் கண்டுபிடிப்பல்ல. தொழுகை நடத்துகிற இமாம் தவறினால் பின்னால் நிற்கும் ஆண் 'சுப்ஹானல்லாஹ்' என்று சொல்லி உணர்த்த வேண்டும், பெண்ணாக இருந்தால் இப்படிக் கைதட்டி உணர்த்த வேண்டும் என்பது காலங்காலமாக உள்ள சட்டம். நபிகளே ஒரு தடவை தொழுகையில் மறந்துபோய், அடுத்த முறை மறந்தால் நினைவூட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டதை எல்லா ஊர் பயான்களிலும், அதாவது மார்க்கச் சொற்பொழிவுகளிலும், சொல்வார்கள். பயானில் சொல்வதைப் பிள்ளைகளுக்குப் பழக்கியதுதான் பதருன்னிசா செய்த விபரீதம்.

வாரம் ஒரு பிள்ளை வகுப்புக்குத் தலைவி. தலைவிக்கு ஒரே ஒரு விதி: யாராவது தன் தப்பைப் பிடித்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் நன்றி சொல்ல வேண்டும். தலைவியாக இருக்க எல்லோரும் ஆசைப்பட்டார்கள். நன்றி சொல்லத்தான் சிரமப்பட்டார்கள்.

இப்படியே போயிருக்கும், நோன்புப் பெருநாள் வராமல் இருந்திருந்தால்.

ஜமாஅத்தின் முத்தவல்லி, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைவர், ஜலாலுதீன். நல்ல மனிதர். மீலாது மேடையில், கலீஃபா ஒருவரை ஒரு சாதாரணப் பெண் எழுந்து மறித்துக் கேட்டதையும் கலீஃபா தன் தவறை ஒப்புக்கொண்டதையும் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். கூட்டமும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அந்த வருடம் அவர் மகன் அஜ்மல் அரபிக் கல்லூரியில் பட்டம் வாங்கி வந்திருந்தார். பெருநாள் தொழுகையை அவர்தான் நடத்த வேண்டும் என்று ஜமாஅத் தீர்மானித்தது. முத்தவல்லி வேண்டாம் வேண்டாம் என்றார், கேட்கும்படியாக இல்லை.

காலையில் சவுக்குத் தோப்பை ஒட்டிய திடலில் ஊர் முழுக்கத் திரண்டது. முன்னால் ஆண்கள், பின்னால் பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் பெண்கள். அஜ்மல் அழகாக ஓதினார். முதல் ரக்அத்தில், அதாவது தொழுகையின் முதல் சுற்றில், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தார். ஸஜ்தா இரண்டு செய்ய வேண்டும். அவர் ஒன்றைச் செய்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

திடல் முழுக்க அவரோடு எழுந்து நின்றது. தெரியாமல் இல்லை. ஒவ்வொருவரும், தான்தான் எண்ணிக்கையைத் தவறவிட்டோம், மனசு பிரியாணியில் இருந்துவிட்டது, இறைவன் மன்னிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் வாயிலிருந்தும் சுப்ஹானல்லாஹ் வரவில்லை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது. சின்னக் கை. ஆனால் தெளிவான தட்டல்.

அஜ்மல் படித்த பிள்ளை. உடனே புரிந்தது. திரும்பக் கீழே போய் விட்டுப்போன ஸஜ்தாவைச் செய்தார். திடலும் கூடவே போனது. கடைசியில் மறதிக்கான ஸஜ்தாவையும் செய்து முடித்தார். தொழுகை செல்லும். மார்க்கப்படி விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. ஊர்ப்படி அங்கேதான் ஆரம்பித்தது.

தட்டியது ஹாதியா. பதருன்னிசாவின் மாணவி, அந்த வாரத் தலைவி, ஜலாலுதீனின் மகள் வயிற்றுப் பேத்தி. அதாவது மாமனின் தவறைத் திருத்தியது மருமகள். அவள் பக்கத்தில் நின்ற பதருன்னிசாவைத் தவிர இது யாருக்கும் தெரியாது.

மறுநாளே கடைத்தெருவில் பக்கத்துக் கடை கலையரசன், அயாஸைக் கூப்பிட்டுக் கேட்டார். "இன்னா பாய், உங்க தொழுகைய நல்லா இருந்துச்சின்னு கைதட்டி பாராட்டுனாங்களாமே?"

இந்தக் கேள்வி முத்தவல்லியின் காதுக்குப் போனது. ஜமாஅத் கூடியது. கைதட்டப் பழக்கியது யார் என்று ஊருக்கே தெரியும் என்பதால் அயாஸை வரச் சொன்னார்கள். பதருன்னிசாவே வந்து நின்றார்.

"உன்ன யாரும்மா கூப்ட்டா? வூட்டுக்காரர அனுப்பு," என்றார் ஜலாலுதீன்.

"அவருக்கு தொப்பி விக்கத்தான் தெரியும் பாய். சொல்லிக்குடுத்தது நான்."

"தொழுகையில கைதட்றதுக்கு அது இன்னா சினிமா கொட்டாயா? ஊரே சிரிக்குது."

"பொம்பளைங்க தட்டணும்னு சட்டம் கீது. ஆம்பளைங்க வாயால சொல்லணும்னும் கீது. நீங்க யாரும் சொல்லல."

"சொல்றதுக்குள்ள..."

"எழுந்து நின்னுட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். யார் என்று ஜலாலுதீன் திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சட்டம் பேசாத. தட்னது யாரு? பேர சொல்லு. அந்தப் பொண்ணோட அத்தா வந்து வருத்தம் தெரிவிக்கட்டும். முடிச்சிக்கலாம்."

"என் பேர போட்டுக்குங்க."

"கை யாரோடதுன்னு கேக்கறேன்."

"வகுப்போடது."

முடிவு எளிதாக எடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: ஒழுங்கு மீறிய காரணத்தால், பொறுப்பாளர் பதருன்னிசா வருத்தம் தெரிவிக்கும்வரை மதரஸாவின் பெண்கள் பிரிவு மூடப்படுகிறது. வெளியாட்கள் பார்த்தால் மரியாதைக் குறைவு என்று கதவில் 'மராமத்துப் பணி' என ஒட்டினார்கள். பூட்டிய அறைக்குள் மராமத்து நடப்பதாக அன்றுமுதல் ஊரே நம்பத் தொடங்கியது.

அயாஸுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஒரு பேருதானே நிசா. உங்க பேத்திதான் பாய்னு சொன்னா மனுசன் அப்டியே அடங்கிடுவாரு. பூட்டு தொறந்துடும்."

"அதுக்குத்தான் சொல்லல."

"இன்னா பேசற நீ?"

"பேத்தின்னா மன்னிப்பாரு. நாளைக்கு மோதினார் பொண்ணு தட்னா? தப்பு செஞ்சவங்களுக்குத்தான் மன்னிப்பு. அது சரியா செஞ்சுது. மன்னிப்ப வாங்கிகினு வந்தா, செஞ்சது தப்புன்னு ஆயிடும்."

அயாஸ் முன் அறையிலிருந்த தொப்பி மூட்டைகளை மாடிக்கு ஏற்றினார். பேச்சில் அவர் மனைவியை ஜெயித்ததில்லை. ஆனால் மூட்டை தூக்குவதில் ஊரில் அவருக்கு நிகர் இல்லை.

வகுப்பு வீட்டில் தொடங்கியது. முதலில் பாய் விரித்து வைத்ததுதான் மிச்சம். ஜமாஅத்தைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குக் கல்யாணப் பதிவுக்கு யாரிடம் போவது என்ற பயம் எல்லா வீட்டிலும் இருந்தது. பயப்படாமல் முதலில் வந்தது, அடிக்கவில்லை என்று சண்டை போட்ட ஷஃபானா. இரண்டு பெண்களையும் உள்ளே தள்ளிவிட்டு வாசலில் நின்றார்.

"நீங்க அடிக்காதது இன்னும் எனக்குப் புடிக்கல ஆபா. அது வேற. ஒரு பொண்ணு சரியா செஞ்சதுக்கு எவனும் வருத்தம் கேக்கச் சொல்லக் கூடாது. நாளைக்கி மாமியா வூட்லயும் இதான் சொல்வாங்க."

ஷஃபானாவின் வாய்க்கு ஊரில் மதிப்பு உண்டு. மற்றத் தாய்மார்களும் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். ஹாதியாவை மட்டும் அனுப்பவில்லை. முத்தவல்லி வீட்டுப் பிள்ளை, தடை செய்த வகுப்புக்கு எப்படி வரும்?

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தட்டியவளை விடுவதில்லை என்று அவள் நன்னா என்று கூப்பிடும் தாத்தா மறுபடி ஆரம்பித்தபோது, ஹாதியா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நன்னா, நான்தான் தட்னேன்," என்று சொல்லிவிட்டாள். "மாமு ஒரு ஸஜ்தா விட்டுட்டாரு. நீங்களும் விட்டுட்டீங்க."

அன்று மாலையே ஜலாலுதீன் பேத்தியை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு பதருன்னிசா வீட்டுக்கு வந்தார். முன் அறையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார்.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா? கொழந்த, வெளயாட்டா பண்ணிடுச்சு. நீ ஒண்ணும் வருத்தம் தெரிவிக்க வேணாம். நாளையிலருந்து வந்து ஓதிக்குடு. பூட்ட தொறக்கச் சொல்லிட்டேன்."

"வெளயாட்டு இல்ல பாய். தெரிஞ்சிதான் தட்டுச்சு."

"சரி, தெரிஞ்சுதான். அஜ்மலே சொல்றான், தட்னது சரி, தட்டலன்னா அத்தன பேர் தொழுகையும் எங்கழுத்துல வந்து நின்னிருக்கும்னு. போதுமா?"

"அத மைக்குல சொல்லுங்க. மூடுனத மைக்குலதானே சொன்னீங்க."

ஜலாலுதீன் குரலைத் தாழ்த்தினார். "அதெப்டிம்மா முடியும்? ஜமாஅத் ஒரு தடவ பேசிட்டா திரும்பப் போவ முடியுமா?"

"உங்க புள்ள திரும்பப் போனாரு பாய். ஊரையே பின்னால நிக்கவெச்சிகினு போனாரு. அவருக்கு ஒண்ணும் கொறைஞ்சிடல."

வட்டமாக உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்த சின்னக் கண்களுக்கு நடுவிலிருந்து ஜலாலுதீன் எழுந்து, "வா," என்றார் பேத்தியைப் பார்த்து.

ஹாதியா அதற்குள் பாயில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். "ஓதிட்டு வரேன் நன்னா."

அவர் பதருன்னிசாவைப் பார்த்தார். பதருன்னிசா பிள்ளையைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார். ஜலாலுதீன் வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே கேட்டார்.

"எப்ப முடியும்?"

"மஃரிப் தொழுகைக்கு முன்ன."

"வந்து கூட்டிகினு போறேன்."

ஒலிபெருக்கியில் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பதருன்னிசாவும் வருத்தம் தெரிவிக்கவில்லை. பூட்டு திறந்திருக்கிறது, அவர் அங்கே போவதில்லை. ஜமாஅத்தின் தீர்மானப்படி அப்படி ஒரு வகுப்பே கிடையாது. அந்த இல்லாத வகுப்பின் வாசலில் ஜமாஅத் தலைவர் தினமும் மாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேத்திக்காகக் காத்திருக்கிறார். சில நாள் பாடம் நீண்டுவிடும். முத்தவல்லி நிற்கிறார் என்பதற்காகப் பதருன்னிசா சீக்கிரம் முடிப்பதில்லை.